பஞ்சுக்கிட்டங்கித் தெருவில் பதினோரு நொடி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஏப்ரல் 2025

செல்வி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத் துணிவு வரவில்லை. ஆறு நாளாக உனக்குப் போன் போடுகிறேன். ஒரு தடவைகூட மணி அடிக்காமல் அறுந்துபோகிறது. நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் ஏறி ராஜபாளையம் வந்தேன். உன் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. சிவபாண்டி அண்ணன் வெளியே வந்து, நீ யாரையும் பார்க்கிற மாதிரி இல்லை, பிறகு வாருங்கள் என்றார். அவர் கையில் பெரிய கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டதற்குக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். உள்ளே நீ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. என் குரல் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது. உன் புருஷனை வைத்து என்னைத் திருப்பி அனுப்பியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் என்ன செய்தேன் என்று நீ சொல்ல வேண்டாமா?

அந்த வீடியோவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து நாலு முறை போட்டுப் பார்த்தேன். தெருமுனையில் வேல்சாமி அண்ணாச்சியின் சர்பத் கடையில் ஆரம்பிக்கிறேன். பஞ்சு அடைத்து வைத்த பழைய கிட்டங்கிகளில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன். ஒன்றில் தளவாய்புரத்து நைட்டிகள் கூரை வரைக்கும் தொங்குகின்றன. ஒன்றில் நாய்க்குட்டி விற்கிறார்கள். ஒன்றில் கேரம் கிளப். இன்னொன்றில் மாதா கோயில் சப்பரத்துக்கும் மாரியம்மன் பொங்கலுக்கும் ஒரே டிரம் செட்டை வாடகைக்கு விடுகிறவர். வெங்கடேஸ்வரி அக்கா தன் வாடிக்கைக்காரர்களோடு தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே ஆவக்காய் ஊறுகாய் நிறுக்கிறார். விளக்குப் போட்டதும் பரோட்டாக் கல்லெல்லாம் காய ஆரம்பிக்கிறது. முளைப்பாரி ஊர்வலம் போகிறது. கடைசியாக உன் கடை. எண்ணெய் பரோட்டாவும் குடல் குழம்பும் வைத்துக்கொண்டு, "ராஜபாளையத்துல ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்குன்னா இந்தத் தெருவுக்கு வந்துருங்க" என்கிறேன்.

இதில் எது உன்னைப் புண்படுத்தியது? மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் தாங்கவில்லையா? குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கல் என்று சிரித்துக்கொண்டே சொன்னேனே, அதுவா? அப்படியானால் அதை வெட்டிவிடுகிறேன்.

திட்டியாவது எழுது.

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
17 ஏப்ரல் 2025

ஸ்வீட்லின்,

குழம்பில் காரம் என்று சொன்னதற்காக நான் கதவைச் சாத்துவேன் என்று நினைத்திருக்கிறாயே, அதைப் படித்த பிறகுதான் உனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று நம்பினேன். அதனால் எழுதுகிறேன். போனில் பேசமாட்டேன். போனில் போவது எவன் கைக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு இப்போது பயம். இதையும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எங்கள் கடையில் மாவு உருட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரியை நீ பார்த்திருக்கிறாய். அவள் எங்கிருந்து வந்தாள் என்று உனக்குச் சொன்னதில்லை. பதினெட்டு முடிந்த மறு வாரமே தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அவன் அடித்ததில் அவள் இடது கை முறிந்து கோணலாகக் கூடியது. இரண்டு தடவை அம்மா வீட்டுக்கு ஓடினாள். இரண்டு தடவையும் கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேரும் அவளைக் கொண்டுபோய் அவன் வாசலிலேயே விட்டார்கள். மூன்றாம் தடவை ஊர் மாறி செட்டியார்பட்டிக்கு வந்து நைட்டி தைத்தாள். அங்கேயும் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் தெருவுக்கு வந்தாள். இரண்டு வருஷம் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். கடையில் பின்கட்டைத் தாண்டி முன்னால் வந்ததில்லை. சினிமா, கோயில் எதற்கும் போனதில்லை.

மாரியம்மன் பொங்கல் அன்றைக்குப் பரோட்டா மாஸ்டர் பூக்குழி இறங்கப் போய்விட்டார். "நான் வீசுறேன்க்கா, இன்னைக்கு எல்லாம் நம்ம தெருக்காரங்கதான" என்று அவளே முன்னால் வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் நீ வந்தாய். நீ கேமராவை எடுத்ததும் நான் உன்னிடம் வந்து, "ஏட்டி, இவ மூஞ்சிய மட்டும் எடுத்துராத" என்றேன். நீ தலையாட்டினாய்.

உன் வீடியோவில் அவள் இருக்கிறாள். மாவை வீசிவிட்டு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் எண்ணிப் பார்த்தேன். பதினோரு நொடி.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடுகிற நேரம் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணன்மார் இரண்டு பேர், புருஷன். நேரே பின்கட்டுக்குப் போய் அவளைத் தூக்கினார்கள். தடுக்கப்போன என் வீட்டுக்காரரைத் தள்ளியதில் அவர் கை கல்லில் விழுந்து முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. கடை நிறையக் கூட்டம். எல்லாம் உன் வீடியோ பார்த்து வந்த கூட்டம். மூத்த அண்ணன் அவர்களைப் பார்த்து, "எங்க வீட்டுப் பிள்ளதாங்க. குடும்ப விசயம்" என்றான். அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிலர் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். அவள் கத்தவில்லை. மாவு அப்பிய கையோடு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

இப்போது தெரிந்துகொண்டாயா? இனி வராதே.

செல்வலட்சுமி


மடவார் வளாகம்
21 ஏப்ரல் 2025

செல்வி,

வீடியோவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி யார் யாரோ தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். பாட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் எடுத்தார்கள். மற்றவர்கள் பதில் போடவில்லை.

உனக்கு எழுத உட்கார்ந்தபோது, நீ சொன்னதை மறந்துபோனேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது அவள் முகம் வந்ததும் உன் குரல் காதில் கேட்டது. ஆனால் அந்த வீடியோ முழுவதிலும் அதைப்போல இன்னொரு இடம் இல்லை. பின்னால் பொங்கல் விளக்குகள், கல்லிலிருந்து எழுகிற ஆவி, அவள் சிரிப்பு. இதைப் பார்த்தால் யாரும் நகரமாட்டார்கள் என்று நினைத்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வெட்டச் சொல்வாய் என்று கேட்கவில்லை. ஏதோ கூச்சப்படுகிற பிள்ளை, பிறகு பார்த்துச் சந்தோஷப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் உள்ளே இறங்கவில்லை. மறுநாள் பெண்கள் காவல் நிலையத்துக்குப் போனேன். அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். பிள்ளையின் ஊர் எது, புருஷன் பெயர் என்ன என்று விசாரித்தார்கள். எனக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஊர் பெயரை எழுது, செல்வி. என்னை மன்னிக்க வேண்டாம். ஊர் பெயரை மட்டும் எழுது. நீங்கள் புகார் கொடுத்தீர்களா இல்லையா என்பதையும் சொல்.

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
29 ஏப்ரல் 2025

ஸ்வீட்லின்,

ஊர் பெயரும் புருஷன் பெயரும் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். சாத்தூருக்குக் கிழக்கே, தீப்பெட்டிக் கம்பெனிகளைத் தாண்டிப் போக வேண்டும்.

நாங்கள் புகார் கொடுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்ட கையோடு போலீஸுக்குப் போகலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வேனில் ஏறும்போது இளைய அண்ணன் எங்கள் கடைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனான். கடையைக் கொளுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான்.

தெரு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். தென்காசி, சிவகாசி என்று எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்ததும், "அந்தச் சிரிக்கிற பிள்ளை எங்க?" என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறது என்கிறேன். ஒரு குடும்பம் அவள் நின்ற இடத்தில் தங்கள் மகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு முன்னால் இருக்கிற பரோட்டாக் கல்லை அணைத்தவள்தான், பிறகு பற்றவைக்கவில்லை. இப்போது இட்லியும் தோசையும் மட்டும் போடுகிறேன். கேரம் கிளப்பில் விளையாட்டு நடக்கிறது, நைட்டிக் கடையில் பாட்டுப் போடுகிறார்கள், வேல்சாமி அண்ணாச்சி சர்பத் கலக்குகிறார். எல்லோரும் என்னோடு சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஒருத்தர்கூட அவள் பெயரைச் சொல்வதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இன்றைக்கு எழுத முடியவில்லை.

செல்வலட்சுமி


மடவார் வளாகம்
12 மே 2025

செல்வி,

சனிக்கிழமை அந்த ஊருக்குப் போய் வந்தேன். தனியாகப் போகவில்லை. இங்கே கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற பாலம்மாள் என்பவரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சருக்கு உறவு. பெண்களுக்காக இப்படி எத்தனையோ ஊர்களுக்குப் போனவர். நாங்கள் போவதைப் போலீஸுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதலில் புருஷன் வீடு. அவன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. "வந்தா, மூணாம் நாளே போயிட்டா. எனக்குத் தெரியாது" என்றான். 

அடுத்த தெருவில் அம்மா வீடு. மூத்த அண்ணன் இருந்தான். பாலம்மாள் பேச ஆரம்பிக்கும்முன் நான் ஏதோ கேட்டேன். என் குரலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "நீங்க அந்த வீடியோ அக்காதான? குரல வச்சே கண்டுபிடிச்சேன். உங்களாலதான்க்கா எங்க பிள்ள கெடச்சுச்சு" என்றான். கேலி இல்லை, செல்வி. உண்மையாகவே நன்றி சொன்னான். உள்ளே போய்க் கலர் வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதைக் குடித்தேன். முழுப் பாட்டிலையும் குடித்தேன். 

அவள் எங்கே என்று கேட்டதற்கு அவனும் புருஷன் சொன்னதைத்தான் சொன்னான். மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சின்ன உருவம். கையெல்லாம் தீப்பெட்டி மருந்துக் கறை.  பாலம்மாள் தண்ணீர் கேட்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டு வந்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், உயிரோடு இருப்பாளா என்று. இத்தனை வருஷத்தில் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன் என்றார் பாலம்மாள். ஆறுதல் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. காணவில்லை என்று முறைப்படி புகார் கொடுத்திருக்கிறோம். உன் பெயரையும் சிவபாண்டி அண்ணனின் கை வெந்ததையும் அதில் எழுதியிருக்கிறோம். உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். போலீஸ் வந்து கேட்டால் நடந்ததைச் சொல்.

அன்றைக்கு எழுத முடியவில்லை என்றாயே, அது என்ன?

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
20 மே 2025

ஸ்வீட்லின்,

போலீஸ் வந்தார்கள். நடந்ததைச் சொன்னோம். பாதியைச் சொன்னேன். மீதியை உனக்கு எழுதுகிறேன். அவருக்கும் இது தெரியாது.

நீ வீடியோ போட்ட அன்றைக்கே நான் பார்த்துவிட்டேன். அவள் முகத்தையும் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கடையில் வேறொருத்தர் போனில் காட்டியிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, ஸ்வீட்லின் அக்காகிட்ட சொல்லி என்னய மட்டும் வெட்டச் சொல்லுங்கக்கா" என்றாள். சரி என்றேன். உனக்குப் போன் போட எடுத்தேன். வாசலில் பார்த்தால் வரிசை நிற்கிறது. கடை ஆரம்பித்த ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்தவர்கள். போனைக் கீழே வைத்துவிட்டேன். "ரெண்டு நாள் போகட்டும்ட்டி. ஒங்க ஊர்ல யாரு இதெல்லாம் பாக்கப் போறா?" என்று அவளிடம் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. மறுபடி மாவு உருட்டப் போய்விட்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் கேட்கவில்லை.

இது மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒருவன் வந்து சாப்பிட்டான். மரியாதையான ஆள். கை கழுவும்போது, "வீடியோல பரோட்டா வீசுச்சே ஒரு பிள்ள, அது இன்னைக்கு இல்லையாக்கா?" என்று கேட்டான். பத்துப் பேர் கேட்கிற கேள்விதானே என்று நினைத்தேன். அவன் ஏமாந்து போகக் கூடாதே என்று, "ஞாயித்துக்கெழம வாங்கண்ணே, அன்னைக்குக் கட்டாயம் இருப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து முதலில் இறங்கிய இளைய அண்ணன் அவன்தான்.

உனக்கு அவள் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும். முறிந்த கையைத் தடவி எண்ணெய் போட்டவள் நான். எல்லாம் தெரிந்துகொண்டே, உன்மேல் எல்லாப் பழியையும் போட்டு முதல் கடிதம் எழுதினேன். அதை எழுதியபோது மனசு லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

செல்வி


மடவார் வளாகம்
2 ஆகஸ்ட் 2025

செல்வி,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. என்னை அத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தாயே என்று கோபம். அது போன பிறகு, அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன். அதனால்தான் எழுதவில்லை.

இப்போது எழுத வேண்டியிருக்கிறது. முனீஸ்வரி உயிரோடு இருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன்.

ஆடிப்பூரத் தேர் முடிந்த மூன்றாம் நாள் பாலம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். ரதவீதியில் வடம் இழுத்த சனம் எல்லாம் போய்ச் சேர்ந்து, தரையெல்லாம் பூவும் பனைஓலை விசிறியும் மிதிபட்டுக் கிடந்தது. பாலம்மாள் அறையில் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். தலைமுடியைக் கழுத்தளவு வெட்டியிருக்கிறாள்.

எப்படித் தப்பினாள் என்பதை அவளே சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அம்மா புருஷன் வீட்டுக்கு வந்து, கையில் குடத்தைக் கொடுத்திருக்கிறார். "எங்கம்மா எப்பவும் போயிட்டு வான்னுதான்க்கா சொல்லும். அன்னைக்குப் போன்னு மட்டும் சொல்லுச்சு" என்றாள். குடத்தை அடிகுழாயில் வைத்துவிட்டு நடந்து, மெயின் ரோட்டில் பஸ் ஏறியிருக்கிறாள். செட்டியார்பட்டியில் கூட நைட்டி தைத்த ஒருத்தியின் வீட்டில் எங்கோ இருந்திருக்கிறாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் போன அன்றைக்குப் பாலம்மாள் அடுப்படியில் அந்த அம்மா கையில் தன் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜூலையில்தான் அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கையால் ஒதுக்கினாள். "ரெண்டு வருசம் ஒளிஞ்சிருந்தேன். ஒளிஞ்சும் புடிச்சுட்டாங்க. இனிமே ஒளிய மாட்டேன். கேஸ் போடப் போறேன்" என்றாள். புருஷன் மேலும் அண்ணன்மார் மேலும். இங்கே கோர்ட்டில். அன்றைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனதைச் சொல்ல ஆள் வேண்டும். நான் சொல்கிறேன் என்றேன். "நீங்க அங்க இல்லையேக்கா. நீங்க படம் எடுத்தத மட்டும் சொல்லலாம். மத்தத இருந்தவங்கதான் சொல்லணும்" என்றாள்.

உன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சிவபாண்டி அண்ணனுக்குக் கை ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குப் போனில் படம் எடுத்தவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அந்தப் படம் வேண்டும் என்கிறார் பாலம்மாள். சாட்சி சொல்ல வருவாயா, செல்வி?

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
17 ஆகஸ்ட் 2025

ஸ்வீட்லின்,

உயிரோடு இருக்கிறாள் என்ற வரியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். செத்த நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் மே மாதம் உனக்கு எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அத கோர்ட்ல சொல்லு" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிறகு தெருவில் இறங்கினேன். நீ கேமராவோடு நடந்த அதே தெருவில் கடை கடையாக ஏறினேன். நீ நடந்தபோது எல்லோரும் வாயில் எதையாவது ஊட்டிவிட்டார்கள். என்னைக் கண்டதும் வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்கள். வேல்சாமி அண்ணாச்சி முழுசாகக் கேட்டுவிட்டு, வெளியூர்க்காரர்களோடு நமக்கு எதற்கு வம்பு என்று சர்பத்தை நீட்டினார். நான் குடிக்கவில்லை. நைட்டிக் கடைக்காரர் அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்றார். கல்லாவில் இருந்ததை நான் பார்த்தேன். கேரம் கிளப்பில் ஒருவரிடம் படம் இருக்கிறது. பிறகு தருகிறேன் என்றார். மறுநாள் போனால் அழித்துவிட்டேன் என்கிறார். டிரம் செட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் விட்டார், ஆனால் வரமாட்டாராம். அவருக்கு அந்த ஊர்ப் பக்கம் கோயில் கொடைக்கு வாசிக்கப் போக வேண்டுமாம்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நான் செய்ததைவிட அவர்கள் செய்தது பெரிதில்லை.

வெங்கடேஸ்வரி அக்கா கடைக்குக் கடைசியாகப் போனேன். தெலுங்கில் ஏதோ வைதார். என்னையா அவர்களையா தெரியவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. கண்ணு இருக்கு. அந்தப் பிள்ளையோட கை கதவுல இருந்து பிரிஞ்சத நான் பார்த்தேன். அந்தக் கதவுல மாவுக் கை அப்படியே இருந்துச்சு. நீ மறுநாள் தேச்சுக் கழுவுன." அதையும் அவர் பார்த்திருக்கிறார்.

நானும் அவரும் வருகிறோம். வெங்கடேஸ்வரி அக்காவும் வருகிறார். தேதியைச் சொல்.

செல்வி


மடவார் வளாகம்
30 ஆகஸ்ட் 2025

செல்வி,

செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குள் கோர்ட் வாசலில் இருக்க வேண்டும். அடையாள அட்டை எடுத்துக்கொள். அண்ணனின் ஆஸ்பத்திரிச் சீட்டையும்.

அவர்களும் வருவார்கள். பயமாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
11 செப்டம்பர் 2025

ஸ்வீட்லின்,

முந்தாநாள் நீ வெளியே வந்தபோது நான் உன்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். நீ உள்ளே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது.

நான் சொல்லும்போது நீயும் வெளியேதான் இருந்தாய். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு தடவை கேட்டும் உனக்குப் போன் போடாததையும், வெள்ளிக்கிழமை வந்தவனிடம் ஞாயிற்றுக்கிழமை இருப்பாள் என்றதையும். எதிர்த்தரப்பு வக்கீல், அப்படியானால் தேடி வந்த குடும்பத்துக்கு நீங்களே வழி சொல்லியிருக்கிறீர்கள், இப்போது மட்டும் ஏன் குற்றம் என்கிறீர்கள் என்று கேட்டார். "சாப்பிட வந்த ஆள்னு நெனச்சு சொன்னேன்யா. தூக்கிட்டுப் போக வந்த ஆள்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேனா?" என்றேன்.  அந்த இளைய அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். முனீஸ்வரியும் கோர்ட்டுக்குள்ளிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். அஞ்சு மாதத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன்.

"வெள்ளிக்கெழம விசயம் எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

நான் தலையசைத்தேன்.

"யாருக்குமே தெரியாது. சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றேன்.

 "சொன்னீங்கள்ல. கேஸுக்கு அது உதவும்னு வக்கீலம்மா சொல்றாங்க. ஆனா நான் இனிமே கடைக்கு வரமாட்டேன்க்கா. என்னயத் தேடியும் வராதீங்க" என்றாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் போய்க் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். தழும்பின்மேல் விரலை வைத்தாள். அவர் அழுதார். நான் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

மூன்று பேரும் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று பாலம்மாள் சொன்னார். கேஸ் இன்னும் நடக்கும், திரும்பவும் கூப்பிடுவார்கள் என்றார். எத்தனை தடவை கூப்பிட்டாலும் போவோம்.

நேற்றுக் கடையில் கூட்டம் இல்லை. நாங்கள் கோர்ட்டுக்குப் போனது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வெங்கடேஸ்வரி அக்கா மட்டும் வந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? கடைக்கு வேண்டாம், வீட்டுக்கு வா. அவரிடம் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுகிறார். தெருவில் யாரிடமும் பேச முடியாது. நம் இரண்டு பேரையும் விட்டால் இதைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை, ஸ்வீட்லின். உனக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

செல்வி